முந்நூற்று எண்பத்தாறு தைலப் புத்தகம்

சிஞ்ச்வட் தமிழ் நண்பர் மன்றத்தின் நூலகம் தண்டவாளத்துக்கு எவ்வளவு பக்கம் என்றால், லோணாவளா லோக்கல் போகும்போதெல்லாம் அலமாரிப் புத்தகங்கள் அரை விரல் முன்னால் நகர்ந்து வந்து எட்டிப் பார்க்கும். பத்து ரயில் போனால் விழுந்துவிடும். ஆகவே ஒன்பதாவது ரயிலுக்குக் கனகவல்லி எழுந்து, பட்டியில் ஆட்டை அடைக்கிற மாதிரி எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டு வந்து உட்காருவாள். தொண்ணூற்று நான்கிலிருந்து இதுதான் உத்தியோகம். பெருக்கித் திறந்து வைக்க என்றுதான் சேர்த்தார்கள். முதல் நாள் விளக்குமாறு கையில் இருக்கும்போதே ஒரு அம்மாள் வந்து புத்தகம் கேட்டார். எடுத்துக் கொடுத்தாள். அன்றோடு நூலகர் ஆகிவிட்டாள். விளக்குமாறும் கூடவே இருந்துவிட்டது.

உடுமலைப்பேட்டைப் பக்கம் எட்டாவது வரை படித்து, பாலச்சந்திரனைக் கட்டிக்கொண்டு புனே வந்தவள். பாலச்சந்திரனுக்கு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் பெயின்ட் அடிக்கிற வேலை. திங்கட்கிழமை சிவப்பாக வீட்டுக்கு வருவார், செவ்வாய்க்கிழமை நீலமாக வருவார். புதன்கிழமை எந்த நிறத்தில் வருகிறாரோ அதுதான் அந்த வாரம் ஊரில் ஓடப்போகிற ஸ்கூட்டர் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள்.

நூலகத்தில் அச்சுப் புத்தகம் ஆயிரம் இருந்தது. அதை யாரும் சீந்தமாட்டார்கள். கூட்டமெல்லாம் பின் அலமாரிக்குத்தான். அங்கே இருந்தவை பைண்டு புத்தகங்கள். மெட்ராஸிலிருந்து ரயிலில் இரண்டு நாள் பழசாகி வருகிற வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, வாரம் வாரமாகச் சேர்த்து, கதை முடிந்ததும் ஊசி நூலால் தைத்து, அட்டை ஒட்டி, மேலே துணி போர்த்திய புத்தகம். எந்தப் பத்திரிகை என்று ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளும் என்பதால் விட்டுவிடுவோம். பேங்க்காரர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள், ராணுவ ஆபீஸ்காரர்கள் என்று எல்லாருக்கும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வரும். போகும்போது கட்டிலை ஏற்றுவார்கள், கிரைண்டரை ஏற்றுவார்கள். பைண்டு புத்தகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரர் லாரிக்குக் குறுக்கே படுத்துவிடுவார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைக் கனகவல்லியிடம் கொண்டுவந்து கொடுப்பாள். இப்படி வந்து சேர்ந்தவை முந்நூற்று எண்பத்தாறு.

இவற்றில் பாதிக்கு முதல் பக்கம் கிடையாது. கதை பேர் கிடையாது. எழுதியவர் பேரைக் கரப்பான் தின்றிருக்கும். கனகவல்லிக்கு அதனால் ஒரு கஷ்டமும் வரவில்லை. ஒரு நீள நோட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி. வரி ஆரம்பத்தில் அந்தப் புத்தகத்துக்குப் போர்த்திய துணியிலிருந்தே ஒரு நறுக்கு வெட்டி ஒட்டியிருப்பாள். பச்சை வாயில் புடவை, கோடு போட்ட சட்டை, காக்கி, பள்ளிக்கூட யூனிஃபார்ம். துணிக்குப் பக்கத்தில் கொடுத்த அம்மாள் பேர், வீட்டு டெலிபோன் நம்பர், விலாசம். இரண்டாம் பாகம் அந்த வீட்டுப் பரணில் கிடந்தால் கேட்டு வாங்க வேண்டாமா. நோட்டைப் புரட்டிய ஒருவர், லக்ஷ்மி ரோடு ஜவுளிக்கடையின் சாம்பிள் புத்தகம் என்று நினைத்து இரண்டு மீட்டர் என்ன விலை என்று கேட்டதும் உண்டு.

"அக்கா, அந்தக் கெணத்துல தள்ளிவுடுவாளே, அந்தக் கதை," என்று யாராவது கேட்டால் போதும். கனகவல்லி திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுவாள், ஊதா நைலெக்ஸ் வந்து கையில் உட்காரும்.

இப்படிச் சிவனே என்று ஓடிக்கொண்டிருந்த நூலகத்துக்கு இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு கம்பெனி கழித்துப் போட்டது. ஆன் செய்தால் மாவு மில் மாதிரி சத்தம் போடும், சூடு ஏறி நீலத்திரை வந்து நிற்கும். கனகவல்லி அதைப் பொட்டி என்றுதான் சொன்னாள். மரியாதைக்குக்கூட வேறு பேர் சொன்னதில்லை.

பொட்டிக்குள் போட நூலக சாஃப்ட்வேர் எழுதியவன் ஹரீஷ். இருபத்தாறு வயது, ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, நாக்பூரில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் பாஸ்போர்ட் காட்டிவிட்டுத்தான் வெளியே வரும். படிக்கத் தெரியும் என்று அவனே சொன்னான். 'க' என்ற எழுத்தை எதிர்த்த வீட்டு மனுஷனைப் போல அடையாளம் கண்டுகொள்வான், 'ழ'வைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவான். நல்ல பையன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை அழைத்து வந்து வடாபாவ் வாங்கிக் கொடுத்து எல்லாப் புத்தகத்தையும் இங்கிலீஷ் எழுத்தில் பொட்டிக்குள் ஏற்றிவிட்டான்.

வினை அங்கேதான். அச்சுப் புத்தகம் ஒவ்வொன்றுக்கும் பத்து இலக்கத்தில் ஒரு நம்பர் உண்டு. புத்தகத்துக்கு அதுதான் ரேஷன் கார்டு. பொட்டி பேரைப் பார்க்காது, ஆளைப் பார்க்காது, அந்த நம்பரைத்தான் பார்க்கும். நம்பர் ஒன்றானால் புத்தகம் ஒன்று. பைண்டு புத்தகத்துக்கு நம்பருக்கு எங்கே போவது? ஹரீஷின் நண்பர்கள் வடாபாவ் ஆறிப்போகிறதே என்ற அவசரத்தில் முந்நூற்று எண்பத்தாறுக்கும் பத்து பூஜ்யம் போட்டுவிட்டார்கள். பேர் கேட்ட இடத்தில், முதல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் என்ன இருக்கிறதோ அதை ஹரீஷ் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னான். அந்தப் பக்கம் கதையே இல்லை, பின்பக்கத்து விளம்பரம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கமிட்டிக் கூட்டம். செயலாளர் ரங்கராஜன் தலைமை. பேங்கில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் கம்ப்யூட்டர் வரக்கூடாது என்று கொடி பிடித்து வாசலில் நின்றவர், வந்தபிறகு அது தப்பே செய்யாது என்று கற்பூரம் ஏற்றாத குறையாக நம்புகிறவர். புதிதாக மதம் மாறியவருக்குத்தானே பக்தி ஜாஸ்தி. பொட்டி அச்சடித்துக் கொடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கனகவல்லியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா கனகவல்லி, 'நரை போக்கும் தைலம்'னு ஒரு புஸ்தகம் இருக்காமே."

"இல்லீங்க சார்."

"இருக்கும்மா. ஒண்ணில்லே, முந்நூத்தி எண்பத்தாறு காப்பி இருக்கு. சிஞ்ச்வட்டுல இருக்கற மொத்தத் தமிழாளுக்கும் நரைச்சாக்கூட இத்தனை வேண்டாமே. என்னத்துக்கு இவ்வளவு வாங்கினே?"

ரங்கராஜனுக்கு நரைக்கிற பிரச்சினையே இல்லை. தலையில் முடி இருந்தால்தானே. கனகவல்லி அதைச் சொல்லவில்லை, தொண்டை வரை வந்தது.

"சார், அது பூராவும் பைண்டு புஸ்தகமுங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கதைங்க. வந்து கண்ணுல பாருங்க."

அவரும் வந்தார், பார்த்தார். ஒன்றை எடுத்தார். முன்பக்கம் இல்லை. இன்னொன்றை எடுத்தார். முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் ஆரம்பித்தது. மூன்றாவதைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு பூச்சி நிதானமாக நடந்து வந்து அவர் கைக்கடிகாரத்தில் மணி பார்த்துவிட்டுப் போனது.

"பேரில்லை, நம்பரில்லை, எழுதினவா யாருன்னு இல்லை. இதைப் புஸ்தகம்னு எப்படிம்மா சொல்றது? சிஸ்டத்துல ஒரு புஸ்தகம், முந்நூத்தி எண்பத்தாறு காப்பின்னு வந்துடுத்து. ரெண்டு காப்பி வெச்சுண்டு மிச்சத்தைப் பழைய பேப்பர் வாங்கற ரத்திக்காரன்கிட்ட எடைக்குப் போட்டுடலாம்னு தீர்மானம் பாஸ் பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லிருக்கேன். அந்த இடத்துல கம்ப்யூட்டருக்கு மேஜை போட்டுடலாம்."

கமிட்டியில் மீதி ஐந்து பேரும் தலையாட்டினார்கள். டீ வருவதற்குள் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள், டீ வந்தபிறகு கலைந்துவிடுவார்கள்.

கனகவல்லி ஒன்பது வருடம் ஒவ்வொன்றையும் வெயிலில் போட்டு எடுத்து, வேப்பிலை வைத்து, கிழிந்ததைத் தைத்து வைத்திருக்கிறாள். அது கிலோக் கணக்கில் வேர்க்கடலை மடிக்கப் போகிறது.

"சார், அந்தப் பொட்டி தப்பாச் சொல்லுதுங்க."

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாதும்மா."

"செரிங்க. அந்தப் பொட்டியே வேற வேற புஸ்தகம்னு சொல்லிப்போட்டா?"

ரங்கராஜன் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை காலம்பற ரிப்போர்ட்டுல அப்படி வந்தா தீர்மானத்தை மாத்திடறேன். ரிப்போர்ட்டுல வரணும். நோட்டுலே துணி ஒட்டிக் காட்டினா செல்லாது."

புதன்கிழமை காலை கனகவல்லி ஹரீஷுக்கு போன் போட்டாள்.

"ஏங்கண்ணு, அந்தப் பத்து பூஜ்யத்தை எடுத்துப்போட்டு வுட்றலாமா?"

"அது எம்ப்டி விட முடியாது ஆன்ட்டி. கம்பல்சரி. பத்து நம்பர் வேணும். எல்லாத்துக்கும் வேற வேற."

"அந்த நம்பர யாரு குடுப்பாங்க?"

"அது... கவர்ன்மென்ட் ஆபீஸ் குடுக்கும் ஆன்ட்டி. டெல்லியில அப்ளை பண்ணணும். டூ மந்த்ஸ் ஆகலாம்."

"நீ ஒரு நம்பர் போட்டா பொட்டி ஒத்துக்குமா?"

"பத்து டிஜிட் இருந்தா ஒத்துக்கும். செக் எல்லாம் நான் எழுதலை. அடுத்த வெர்ஷன்ல எழுதறேன்."

"அடுத்த வெர்ஷன மெதுவா எழுது சாமி. அவசரமே இல்ல," என்று போனை வைத்தாள்.

வேற வேற பத்து நம்பர், முந்நூற்று எண்பத்தாறு தடவை. வாய்க்கு வந்ததைப் போட்டால் இரண்டு ஒன்றாகிவிடும், ஒன்றானால் பொட்டி மறுபடி தைலத்தைக் காட்டும். மேஜையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு முறைத்தாள். துணி நறுக்கு. பேர். டெலிபோன் நம்பர். அப்போதுதான் புனேயில் டெலிபோன் நம்பரெல்லாம் முன்னால் ஒரு இரண்டு சேர்ந்து எட்டு இலக்கமாகியிருந்தது. எட்டு. கனகவல்லி விரல் விட்டாள். ஒரு வீட்டிலிருந்து வந்த முதல் புத்தகத்துக்கு சைபர் ஒன்று, இரண்டாவதுக்கு சைபர் இரண்டு. எட்டும் இரண்டும் பத்து. டெல்லி ஆபீஸ் இரண்டு மாதத்தில் கொடுப்பதை இரண்டு நிமிடத்தில் கொடுத்துவிட்டாள். நல்லவேளை, எந்த அம்மாளும் நூறு புத்தகம் பைண்டு பண்ணவில்லை.

கூட ஒரு ஆள் வேண்டும். மும்தாஜ் வந்தாள். ஆம்பூர்க்காரி, கசார்வாடியில் வீட்டுக்காரருக்கு வெல்டிங் பட்டறை. மதியம் ரொட்டி போட்டு முடித்ததும் பஸ் ஏறிவந்து, பைண்டு அலமாரியை எலியைவிட வேகமாகத் தின்கிறவள். அப்போது ஒரு மூன்று பாகக் கதையில் இரண்டாம் பாகம் கையில் வைத்திருந்தாள். கதாநாயகி மலைப்பாதையில் காரில் போகிறாள், பிரேக் பிடிக்கவில்லை, தொடரும்.

"மூணாம் பாகம் எடைக்குப் போவுதா? இன்னாக்கா சொல்றே. அந்தப் பொண்ணு கார்ல தொங்கிக்கினு கீதுக்கா."

"நாமளுந்தான் தொங்கிக்கிட்டு இருக்கறோம். நோட்டைப் படி, நான் தட்டறேன்."

கனகவல்லிக்குத் தட்டுவது ஒற்றை விரல். அந்த விரலும் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் திருவிழாவில் தொலைந்த குழந்தையைக் கண்டுபிடிப்பதுபோல் சுற்றி வரும். ஒரு புத்தகத்துக்குப் பேர் தட்டி, பைண்டு பண்ணிய அம்மாள் பேரை எழுதியவர் என்ற இடத்தில் தட்டி, பத்து நம்பர் தட்டி முடித்தால் பொட்டி ஒரு சதுரத்தைத் திறந்து, 'நிச்சயமா?' என்று கேட்கும். ஆம் என்றால்தான் உள்ளே போகும்.

"நிச்சயந்தான் போ," என்றாள் முதல் தடவை.

இருபதாவது தடவை, "உங்கப்பன் மேல சத்தியமா நிச்சயம்," என்றாள். நாற்பதாவது தடவை கேட்டபோது அவளுக்கே சந்தேகம் வந்து, நோட்டை எடுத்து மறுபடி சரிபார்த்தாள்.

"கலியாணத்துல ஐயருகூட என்னைய இத்தனை தடவை கேக்கல மும்தாஜ். கேட்டிருந்தா ரோசனை பண்ணியிருப்பேன்."

பேர் வைப்பதில்தான் சண்டை வந்தது. முன்பக்கம் இல்லாத கதைக்கு என்ன பேர்? வாசகர்கள் எப்படிக் கேட்பார்களோ அதையே வைத்தாள். கெணத்துல தள்ளுனவ. டாக்டருக்கு ரெண்டு சம்சாரம். மச்சத்தை வெச்சுக் கண்டுபுடிச்சது. மும்தாஜ் எட்டிப் பார்த்தவள், திரையில் ஒரு பேரைப் படித்துவிட்டு நாற்காலியிலேயே சரிந்துவிட்டாள்.

"அக்கா, இன்னா பேரு வெச்சே இதுக்கு?"

"எதுக்கு?"

"என் கதைக்குக்கா. 'காரோட பாறைல விழுந்து செத்தவ'ன்னு போட்டுகீறே. மூணு வாரமாப் படிக்கிறேன், முடிவை நெத்தியில எழுதி ஒட்டிட்டியே."

"அடக் கண்ணு, பழக்கத்துல வந்துபோச்சு. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க."

"படிச்சி முடிச்சவ கேப்பாக்கா. படிக்காதவ எப்படிக் கேப்பா?"

மும்தாஜ் ஒரு மணிநேரம் நம்பரை மட்டும் வாசித்தாள், அதையும் எதிரி நாட்டு ரேடியோ மாதிரி வாசித்தாள். கனகவல்லி அந்தப் பேரை அழித்து 'மலைப்பாதைக் கார்' என்று மாற்றினாள். மாற்றியதற்கும் பொட்டி, நிச்சயமா என்று கேட்டது.

வியாழக்கிழமை. புனேயில் வியாழக்கிழமை என்றால் கரண்டுக்கு லீவு என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். காலையில் போன கரண்டு மாலை வரை வரவில்லை. நம்பரையெல்லாம் பேப்பரில் எழுதி வைத்தார்கள். ஆறு இலக்கக் காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்கள் நம்பருக்கு முன்னால் இரண்டும் ஏழும் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை நூற்றி நாற்பது தட்டிய கையோடு நீலத்திரை வந்தது. திரும்ப ஏற்றிப் பார்த்தால் கடைசி பன்னிரண்டு காணோம். கனகவல்லி விளக்குமாற்றை எடுத்து வந்து பொட்டிக்கு முன்னால் நிறுத்தி வைத்தாள். அடிக்கவில்லை. பார்க்கட்டும் என்று வைத்தாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது பாலச்சந்திரன் அவள் விரலைப் பார்த்தார். மஞ்சள் நிறத்தில் வந்திருந்தார் அன்று.

"என்ன புள்ள, வெரலு வெரைச்சுப்போயி நிக்குது. யாரைக் காட்டற?"

"செயலாளரைக் காட்டறேன். சோத்தைப் போட்டுத் தின்னுங்க."

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு கடைசிப் புத்தகம் ஏறியது. பொட்டி கேட்டது. கனகவல்லி இரண்டு நிமிடம் அதை முறைத்துவிட்டு, பிறகுதான் 'ஆம்' தட்டினாள். அதுவும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை ரத்திக்காரர் சோனவணே ஒன்பதே முக்காலுக்கே கைவண்டியும் தராசுமாக வந்துவிட்டார். ரங்கராஜன் வெள்ளை வேட்டியில் வந்தார். ஹரீஷும் தூக்கக் கலக்கத்தோடு வந்தான். பின் அலமாரியிலிருந்து முதல் அடுக்கை சோனவணே கீழே இறக்கினார். மும்தாஜ் நேராகப் போய் அந்த அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சோனவணே தராசைப் பார்த்தார், மும்தாஜைப் பார்த்தார், அம்மாவையும் சேர்த்துத்தானா என்று ரங்கராஜனிடம் மராத்தியில் கேட்டார்.

"ரிப்போர்ட் வரட்டும்," என்றார் ரங்கராஜன்.

பிரின்டர், பல் பிடுங்குகிற சத்தத்தோடு ஆரம்பித்தது. கர்ர் கர்ர் என்று ஒவ்வொரு வரியாகத் துப்பியது. மூன்றாம் பக்கத்தில் காகிதம் சிக்கியது. ஹரீஷ் இழுத்தான், பாதி கையோடு வந்தது. மறுபடி முதலிலிருந்து. பத்தரைக்குப் பதினாலு பக்கம் வெளியே வந்து தரையில் மடிந்து கிடந்தது. தைலம் என்று ஒரு வரிகூட இல்லை.

"பாருங்க சார்," என்றாள் கனகவல்லி. "பொட்டியே சொல்லுது. முந்நூத்தி எண்பத்தாறு புஸ்தகம். முந்நூத்தி எண்பத்தாறு நம்பர்."

ரங்கராஜன் கண்ணாடியை மாட்டினார். பேனா மூடியால் ஒவ்வொரு வரியாக இறங்க ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருடம் அடுத்தவன் எழுதிய லெட்ஜரில் தப்புக் கண்டுபிடித்த கை.

"மூணே நாள்ல இத்தனை நம்பர் எங்கேர்ந்து வந்தது?"

கனகவல்லி பொட்டிக்கு முன்னால் நின்ற விளக்குமாற்றை எடுத்து மூலையில் சாய்த்தாள்.

"டெல்லிலேர்ந்து வந்துதா? இல்லையே. நீயே போட்டியா? இதுக்குப் பேர் என்ன தெரியுமோ? பேங்கா இருந்தா சஸ்பென்ஷன். ஹரீஷ், பொய் நம்பர் போட்டா ரிப்போர்ட் செல்லுமா?"

"சிஸ்டம் அக்செப்ட் பண்ணிடுச்சு அங்கிள்," என்றான் ஹரீஷ், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"சிஸ்டத்தை ஏமாத்தியிருக்கா. தீர்மானம் தீர்மானந்தான். சோனவணே..."

"பொய் நம்பர் இல்லீங்க சார்," என்றாள் கனகவல்லி. குரல் ஏறிவிட்டது. "ஒவ்வொண்ணும் நெசமான நம்பருங்க. அந்தப் புஸ்தகம் எந்த வூட்டுல பொறந்துச்சோ அந்த வூட்டு நம்பரு. வேணும்னா போன் போட்டுக் கேட்டுப் பாருங்க."

மூன்று நாள் தட்டியதில் அவள் மறந்துபோன விஷயம் ஒன்று, அப்போதுதான் ஞாபகம் வந்தது. கையை நீட்டி, "குடுங்க சார், போதுமுங்க," என்று காகிதத்தை வாங்கப் பார்த்தாள்.

ரங்கராஜன் கொடுக்கவில்லை. பேனா மூடி ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டது. ஒரு வரி கீழே இறங்கியது. நின்றது. இன்னொரு வரி. அதே எட்டு இலக்கம். சைபர் ஒன்று, சைபர் இரண்டு, சைபர் மூன்று என்று நாற்பத்தொன்று வரை அதே எட்டு இலக்கம். மனுஷன் உலகத்தில் எந்த நம்பரை மறந்தாலும் தன் வீட்டு நம்பரை மறப்பாரா? எழுதியவர் என்ற இடத்தில் வரிக்கு வரி அமலா, அமலா என்று இருந்தது.

அமலா அவருடைய மனைவி. தொண்ணூற்று ஆறில் சொந்த ஃபிளாட்டுக்குக் குடி மாறும்போது, இந்தக் குப்பையெல்லாம் புது வீட்டுக்கு வரக்கூடாது என்று ரங்கராஜன் சொன்னார். அமலாவும், ஆகட்டும், தூக்கிப் போட்டாச்சு என்று சொன்னார். போட்ட இடம் இந்த அலமாரி. அவர்கிட்ட மூச்சு விடாதே என்று கனகவல்லியிடம் வாக்கு வாங்கியிருந்தார். ஏழு வருடமாக மாதம் இரண்டு தடவை கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே வந்து, தன் புத்தகத்தையே தான் இரவல் வாங்கிப்போய்ப் படித்து, கெடுவுக்குள் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ரங்கராஜன் அலமாரிப் பக்கம் நடந்தார். நாற்பத்தொன்றும் ஒரே வரிசையில் இருந்தன. எல்லாவற்றின் மேலும் ஒரே துணி. வெள்ளையில் நீலக்கோடு. அவருடைய பேங்க் சட்டைகள். ஒன்றில் பை இருந்த இடத்தில் மைக்கறைகூட அப்படியே இருந்தது. அந்தச் சட்டையை யாரோ கொடியிலிருந்து திருடிப்போய்விட்டார்கள் என்று அவர் எண்பத்தெட்டில் வாட்ச்மேனைச் சத்தம் போட்டிருந்தார்.

மேஜைக்கு வந்தார். போனை எடுத்து, காகிதத்தில் இருந்த எட்டு இலக்கத்தையும் காகிதத்தைப் பார்த்தே சுற்றினார்.

"நான்தான்... லைப்ரரிலேர்ந்து." அப்புறம் அவருக்குப் பேச வாய்ப்பு வரவில்லை. "இல்லே... ரத்திக்காரன் வந்திருக்கான்... எடை போடலே... இல்லே, இன்னும் போடலே... ஆமா, என் சட்டைதான்... சரி... சரிங்கறேனே." வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

"ஹரீஷ்."

"அங்கிள்."

"நம்பரெல்லாம் வெரிஃபை பண்ணியாச்சு. சரியாத்தான் இருக்கு."

"எல்லாமேவா அங்கிள்?"

"ஒண்ணு சரியா இருந்தா எல்லாம் சரிதான். பேங்க்ல அதுக்கு சாம்பிள் செக்குன்னு பேரு." கனகவல்லியைப் பார்க்காமலே சொன்னார். "தீர்மானத்தை மாத்தி எழுதிடறேன். அந்த அடுக்கை உள்ளே வைக்கச் சொல்லும்மா. அந்தப் பொண்ணையும் எறங்கச் சொல்லு."

மும்தாஜ் இறங்கினாள். இறங்கும்போதே அடியிலிருந்து மூன்றாம் பாகத்தை உருவிக்கொண்டாள்.

சோனவணே தராசைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி தள்ளி வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? கனகவல்லி சுற்றிப் பார்த்தாள். முன் அலமாரியின் மேல்தட்டில் ரங்கராஜன் அன்பளிப்பாகக் கொடுத்த பேங்கிங் பத்திரிகைகள் இருபது வருடத்துக்கானவை, ஒரு கைகூடப் படாமல், கல்யாணப் பத்திரிகை மாதிரி மொடமொடவென்று இருந்தன.

"சார், அதுக்கெல்லாம் பத்து நம்பர் இல்லீங்களே. பொட்டி ஒத்துக்கலீங்க," என்றாள்.

ரங்கராஜன் நீண்ட நேரம் மேல்தட்டைப் பார்த்தார். பிறகு சோனவணேயிடம் தலையசைத்துவிட்டு, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அன்று அவர் வீட்டில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து அமலா நேராகவே நூலகத்துக்கு வந்தார், பிள்ளையார் கோயில் கணக்கில் மட்டும் மாதம் இரண்டு வருகை குறைந்தது.

இது நடந்து மூன்றரை வருடம் அந்தப் பத்து நம்பரோடு நிம்மதியாக ஓடியது. நிம்மதி என்றால், பொட்டி தினம் ஒருமுறை நீலமாகி, கனகவல்லி தினம் ஒருமுறை விளக்குமாற்றைக் காட்டுகிற அளவு நிம்மதி. இரண்டாயிரத்து ஏழு பொங்கல் வாரத்தில் அமெரிக்காவிலிருந்து ஹரீஷ் போன் செய்தான்.

"ஆன்ட்டி, ஹேப்பி பொங்கல். ஒரு சின்ன விஷயம். இந்த ஜனவரியிலேர்ந்து வேர்ல்ட் பூரா புக் நம்பர் பதிமூணு டிஜிட் ஆயிடுச்சு. நான் புது வெர்ஷன் அனுப்பறேன். பழைய பத்து டிஜிட்டை அது எடுத்துக்காது."

ஒன்பதாவது ரயில் போனது. பைண்டு புத்தகங்கள் அரை விரல் முன்னால் வந்து என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தன.

"எடுத்துக்கலீன்னா என்ன பண்ணும் கண்ணு?"

"அந்த புக்ஸ் எல்லாம் ஒரே புக்குனு காட்டும் ஆன்ட்டி."

போனைக் காதிலேயே இடுக்கிக்கொண்டு எழுந்து போய் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினாள். அந்த நீள நோட்டை எடுத்தாள். வரிவரியாகப் பார்த்தாள். துணி, பேர், டெலிபோன், அதற்குப் பக்கத்தில் வீட்டு விலாசம். விலாசத்தின் கடைசியில் பின்கோடு.

"பின்கோடுல கடைசி மூணு போட்டா ஒத்துக்குமா?"

ஹரீஷ் கணக்குப் போட்டான். "பதிமூணு வருது ஆன்ட்டி. ஒத்துக்கும்."

"செரி, அனுப்பு. அந்த 'நிச்சயமா'ங்கறதை மட்டும் எடுத்துப்போட்டு அனுப்பு."

"அது கம்பல்சரி ஆன்ட்டி," என்றான் ஹரீஷ்.

கனகவல்லி போனை வைத்துவிட்டு, கசார்வாடி வெல்டிங் பட்டறைக்கு நம்பர் சுற்றினாள்.